போதாது என்று சொல்ல வந்த கிளி

ஆங்கிலப் பயிற்சி வகுப்பு ஜன்னலில் பவளம் என்றொரு கூண்டுக்கிளி இருந்தது. கூடினால் 'டூ மச்', குறைந்தால் 'நாட் எனஃப்' என்று வாத்தியார் கத்துவதைக் கேட்டுக் கேட்டு அதற்கும் இரண்டும் மனப்பாடம். அதன்பின் மனிதர்களிடம் அது தமிழ் பேசுவதே இல்லை.

கோடை விடுமுறை வந்தது. காவலாளி ஏகாம்பரம் கிண்ணத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "போதுமா பவளம்? நான் வர நாலு நாளாகும்" என்றார்.

பவளம் பதறிப்போனது. அவசரத்தில் வாய் குழறி, "டூ மச்! டூ மச்!" என்று கத்தியது.

"சரி சரி, ஊத்தலை" என்று சிரித்தபடி அவர் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மத்தியானமே கிண்ணம் காய்ந்தது. வேப்பமரத்து அணில் வந்து, "போதாதுன்னு தமிழ்லயே சொல்லியிருக்கலாமே, அக்கா?" என்றது.

"இவ்வளவு படிச்சதுக்கப்புறம் எப்படிடா தமிழ்ல கேக்குறது?"

அணில் சுவர் வழியே கீழே இறங்கியது. தெருக்குழாய்க்கு ஓடி வாலை நனைத்துக்கொண்டு வந்தது. கொதிக்கும் சுவரேறி வருவதற்குள் வால் காய்ந்துபோயிருந்தது. பவளம் கம்பிக்கு வெளியே அலகை நீட்டி அந்த வாலைத் தடவிப் பார்த்தது.

"இன்னொரு தடவை போயிட்டு வர்றியா, தம்பி?" என்று கேட்டது. குரல் பாதிதான் வந்தது.