கிளம்பும் முன் சரிபார்க்கவும்

மென்பொருள் எழுதுகிறவர்களின் முதல் எதிரி வைரஸ் என்றொரு நம்பிக்கை நாட்டில் நிலவுகிறது. இது உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய பிழை. போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையைப் பொறுத்தவரை, லாவண்யாவின் முதல் எதிரி அவளுடைய டீம் லீடர் சௌந்தரராஜன்.

அவர் வைத்த விதி அப்படி. எழுதியதை எல்லாம் சேர்த்து ஓடும் மென்பொருளாக்கும் 'பில்ட்' தொடங்குமுன், தேவையான லைப்ரரிகள், அதாவது வேறு யாரோ எழுதிவைத்த துணை மென்பொருள்கள், கம்ப்யூட்டரில் இருக்கின்றனவா என்று ஒரு சோதனை ஓடும். ஒன்று குறைந்தாலும் சிவப்பில் 'இல்லை' என்று காட்டி நின்றுவிடும்.

இன்றும் நின்றது. இரவு ஷிஃப்ட் மெஷின்களுக்கு அந்த மென்பொருள் போயாக வேண்டும். ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். காவேரிப்பட்டினத்தில் மகளைப் பார்த்துக்கொள்ளும் சரசம்மா, இன்னொரு நாள் லேட்டானால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி காலையில்தான் சொல்லியிருந்தாள்.

"சார், இன்னைக்கு மட்டும் அந்தச் சோதனையை எடுத்துடலாமா? பில்ட் பாட்டுக்கு ஓடட்டும்."

"ஓடும். முக்கால் மணி நேரம் ஓடிட்டு, அந்த லைப்ரரி வேணும்கற இடத்துல நிக்கும். இப்பவே போட்டுருங்கம்மா. பச்சை வந்துட்டா நீங்க இருக்கவே வேண்டாம், தானா முடிஞ்சிரும்."

சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். மனுஷனா இவர் என்று லாவண்யா பல்லைக் கடித்தாள்.

லைப்ரரியைத் தேடி இறக்கி, சோதனையை மறுபடி ஓட்டினாள். இருக்கு, இருக்கு, இருக்கு என்று பச்சை வரிசையாக வந்தபோது பஸ் போயிருக்க வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. ஆனாலும் ஓடினாள்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டில் சௌந்தரராஜன், பாதுகாப்புக் குழு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டிரைவர் மெஹபூப் பாஷாவிடம் முதலுதவிப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டெப்னியில் காற்றெல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்றாம்.

"பஞ்சு எங்க பாய்?"

"அடியில இருக்கு சார். வண்டியை எடுக்க விடுங்க."

உள்ளே இருந்தவர்கள் அவருடைய வம்சத்தையே அலசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சாம்பாருக்கு உப்பு இருக்கிறதா என்றும் இப்படித்தான் பார்ப்பாரோ என்றது ஒரு குரல்.

இங்கேயும் இந்த ஆளா என்று நினைத்தபடி லாவண்யா அவரைத் தாண்டி ஏறி, மூச்சிரைக்க உட்கார்ந்தாள்.

சௌந்தரராஜன் பெட்டியை மூடினார்.

"எல்லாம் இருக்கு. எடுங்க பாய்."

சொல்லிவிட்டு இறங்கி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஷெட்டில் நின்ற தன் பைக்கை நோக்கி நடந்தார்.