கெட் ஒரு தரம், ரெண்டு தரம்

"நீலாயதாட்சி, எந்திரிங்க!"

பிராங்க்ளின் சார் இன்றும் ஆரம்பித்துவிட்டார். பெனிட்டாவுக்குச் சுருக்கென்றது.

கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் ஒரு மாடியறை. சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சி. வருகிற இருபது பேரும் பெனிட்டாவைப் போல வேலை தேடுகிற இளசுகள். நீலாயதாட்சிக்கு மட்டும் நாற்பத்தெட்டு வயது. பக்கத்துக் கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். விற்காததைக் கருவாடு போடுகிறவர்.

"நேத்து 'கெட்' நடத்தினேன். அந்த ஒரு சொல்லை வெச்சுக்கிட்டு ஒரு நாளையே ஓட்டிடலாம்னு சொன்னேன்ல? பத்து வாக்கியம் சொல்லுங்க. ஏலம் விடுவீங்களே, அந்தக் குரல்ல."

"ஐ... ஐ கெட் அப் மார்னிங் த்ரீ."

"கேக்கலை! ஒரு தரம்!" சார் மேசையைத் தட்டினார்.

வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் ஒருவன், "அக்கா, வஞ்சிரம் என்ன விலை?" என்றான். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பஸ் ஸ்டாண்ட் கம், ஐ கெட் டவுன். ரெயின் கம், ஐ கெட் வெட். மை டாட்டர் கெட் மேரேஜ்..."

"மேரீட்! முதல்லேருந்து சொல்லுங்க. ரெண்டு தரம்!"

மறுபடியும் சிரிப்பு. பெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் சாரை மாடிப்படியில் மறித்தாள். "ஏன் சார் தினமும் அவங்களை மட்டும் நிக்க வெக்கிறீங்க? வயசுல பெரியவங்க இல்லையா?"

"எப்படி நடத்தணும்னு எனக்குத் தெரியும். நீ உன் பாடத்தைப் பாரும்மா."

பேருந்துக்குக் காத்திருந்த நீலாயதாட்சியிடம் போய் நின்றாள். "இவ்வளவு கேவலப்பட்டு இந்த இங்கிலீஷ் எதுக்குக்கா உங்களுக்கு?"

"வர்ற வியாழக்கிழமை டில்லிக்காரங்க காரைக்காலுக்கு வர்றாங்க பாப்பா. கருவாடு மழையில நனையாம காய, கண்ணாடிக் கூரை போட்ட ஷெட்டு குடுக்கப் போறாங்க. அஞ்சு ஊரு கேக்குது, ஒரு ஊருக்குத்தான் கிடைக்கும். போன தடவை எங்களுக்காக இங்கிலீஷ்ல பேச வந்தவரு, அவரு ஊருக்குக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. அதான் இந்தத் தடவை நானே கேக்குறதுன்னு இருக்கேன். இருபத்தாறு பொம்பளைங்க என் வாயை நம்பிக்கிட்டு இருக்காங்க."

வியாழக்கிழமை பெனிட்டாவும் காரைக்கால் மண்டபத்துக்குத் துணைக்குப் போனாள். முதல் வரிசையில், நீலாயதாட்சியின் கண்ணில் படும்படி உட்கார்ந்துகொண்டாள்.

மற்ற ஊர்களுக்காக முன்னால் பேசியவர்கள் எல்லாம் சட்டையைப் பேண்டுக்குள் விட்டவர்கள். படம் போட்டுக் காட்டினார்கள். கடைசியாக நீலாயதாட்சி மைக்குக்கு வந்தார்.

"ரெஸ்பெக்டட் சார்..."

அவ்வளவுதான். பேச்சு நின்றுவிட்டது. பெனிட்டா கைகளைக் கோத்துக்கொண்டு ஜெபித்தாள். டில்லிக் குழுவின் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த காகிதத்தைக்கூட எடுத்துவிட்டார்.

"மைக்கெல்லாம் மீன் நாத்தம் அடிக்குதுடா!" பின்னாலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் கொல்லென்று சிரித்தார்கள்.

நீலாயதாட்சி நிமிர்ந்தார். மைக்கை ஒதுக்கித் தள்ளினார். சிரிப்பு வந்த திசையைப் பார்த்து, கடற்கரைக் குரலை எடுத்தார்.

"சார்! மார்னிங் த்ரீ, வீ கெட் அப். போட் கம், வீ கெட் ஃபிஷ். சன் கம், ஃபிஷ் கெட் ட்ரை. ரெயின் கம், ஆல் ஃபிஷ் கெட் வெட். ட்வென்டி சிக்ஸ் விமன் கெட் நத்திங்! யூ கிவ் ஷெட், சார். வீ கெட் லைஃப். யூ கெட் குட் கருவாடு!"

அந்தக் குரலில் மண்டபம் அதிர்ந்தது. தலைவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, மழை பெய்தால் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஃபிஷ் கெட் மை கட்டில், சார். ஐ கெட் ஃப்ளோர்!"

இந்தத் தடவை சிரித்தது தலைவர். சிரித்து முடித்து முதலில் கைதட்டியதும் அவர்தான்.

ஒரு மணி நேரத்தில் முடிவு சொன்னார்கள். ஷெட் கோட்டுச்சேரிமேட்டுக்கு!

வாசலில் மற்ற இருபத்தைந்து பெண்களும் நீலாயதாட்சியைத் தூக்காத குறை. ஒருத்தி குலவையிட்டாள். தெருவுக்கு அந்தப் பக்கம், ஸ்கூட்டர் ஓரமாக நின்றிருந்தார் பிராங்க்ளின் சார்.

"எந்த முகத்தோட வந்து நிக்கிறாரு பாருங்கக்கா," பெனிட்டா பல்லைக் கடித்தாள். "இருபது பேர் முன்னாடி உங்களைக் கேவலப்படுத்தின மனுசன்!"

"அடி போடி! நான்தான் அவர்கிட்ட கெஞ்சிக் கேட்டேன். 'ஏலத்துல ஊரையே அதட்டுவேன் சார், இங்கிலீஷ்ல பேசுறப்ப யாராச்சும் சிரிச்சா நாக்கு சுருண்டுக்குது. அது பழகிப்போற வரைக்கும் என்னை நிக்க வெச்சு எல்லாரையும் சிரிக்க வைங்க'ன்னேன். மனுசன் சம்மதிக்கவே நாலு நாளாச்சு. தினமும் வகுப்பு முடிஞ்சதும் போன் போட்டு மன்னிப்புக் கேப்பாரு, பாவம்."

பெனிட்டா தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற சாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்புறம் ஏன்க்கா மைக் முன்னாடி அப்படி நின்னுட்டீங்க?"

நீலாயதாட்சி அவள் கன்னத்தைத் தட்டினார்.

"சிரிக்கிறவங்க எனக்குப் பழகிப் போச்சு பாப்பா. முதல் வரிசையில உக்காந்துக்கிட்டு நீ 'ஐயோ பாவம்'னு பாத்தியே, அதுக்குத்தான் நான் பழகலை."