யார் உள்ளே வருவது?

பல் மருத்துவரின் தட்டில் இரண்டு குப்பிகள் அடுத்தடுத்து நின்றன. ஒன்றில் திரிபலாக் கஷாயம், மற்றதில் குளோரின் மருந்து. நாற்காலியில் ஆதிரை வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். அவளுடைய கடைவாய்ப் பால்பல்லின் வேரைக் கழுவ இரண்டில் ஒன்று போதும்.

"உன் மேல் நீச்சல்குளத்து வாடை அடிக்கிறது. குழந்தை முகம் சுளிக்கும்" என்றது கஷாயம்.

"நீ வயிற்றைக் கழுவப் பிறந்தவன். பல்லில் உனக்கு என்ன வேலை?" என்றது குளோரின்.

வேருக்குள் குடியிருந்த கிருமிக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. "பேசட்டும், பேசட்டும். இவர்கள் முடிப்பதற்குள் நான் பேரன் பேத்தி எடுத்துவிடுவேன்" என்று சாய்ந்துகொண்டது.

பால்பல்லுக்குப் பொறுக்கவில்லை. ஈறுக்குள் புதுப்பல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. அது வரும்வரை இடத்தை விடாமல் நிற்க வேண்டும்.

"அண்ணன்மாரே, குலப்பெருமையைப் பிறகு பேசுங்கள். யாராவது ஒருவர் உள்ளே வாருங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கத்தியது.

மருத்துவரின் கை நீண்டது. ஒரு குப்பி திறந்தது. ஊசிக்குழாய் வழியாக வேருக்குள் வெள்ளம் இறங்கியது.

கிருமி சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. "நீ மூலிகையா, மருந்தா? அதையாவது சொல்லிவிடு" என்றது.

"கொஞ்சம் பொறு. வேலை முடிந்ததும் சொல்கிறேன்" என்றது வெள்ளம்.