எட்டு மணி சீரியல்

"எலி கடிச்சிருக்கும்மா," என்று கேபிள் ஒயரின் அறுந்த நுனியைத் தூக்கிக் காட்டினான் கிரண்குமார். கத்தரிக்கோல் அவன் லுங்கி மடிப்பில் இருந்தது.

"கடிச்சா கடிச்சிட்டுப் போவுது. நீ துன்னுட்டுப் படு," என்றாள் ரத்னம்மா. தலையில் இடி விழுந்தாலும் எட்டு மணி சீரியலை விடாதவளிடம் அன்றைக்கு ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

விஷயம் இதுதான். சீரியலில் வரும் மகன், அன்னதானத்துக்கு எழுதுவதாகச் சொல்லி அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, தங்கையின் சொத்தையும் சேர்த்து அமுக்கப் பார்க்கிறான். நாளைக்கு அந்தக் காட்சி என்று விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

கிரண்குமார் அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டான். அப்பா நாகபூஷணம் அம்மா பேரில் வாங்கிப் போட்ட திருப்பதி மனை இன்று விலையில் எங்கேயோ போய்விட்டது. அதில் பாதி தங்கை ரேகாவுக்கு என்று அவர் சொல்லிவிட்டுச் செத்ததை நினைத்தாலே இவனுக்கு வயிறு எரியும். அம்மா அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டால் கதை கந்தல் அல்லவா?

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு மணியானால் பக்கத்து வீட்டு டிவி சத்தம் கேட்காதபடி ஜன்னலைச் சாத்தினான். கேபிள்காரர் நாளைக்கு வருவார் என்று தினமும் ஒரே பொய்யைச் சொன்னான்.

அந்த வாரமே ரேகா வந்தாள். அம்மா பெருமாளைப் பார்க்க ஆசைப்படுவதாகச் சொல்லித் திருப்பதிக்கு அழைத்துப் போனாள். சாயங்காலம் இரண்டு பேரும் வெறுங்கையோடு சித்தூர் திரும்பினார்கள்.

"லட்டு எங்கம்மா?"

"கியூல நிக்க முடியல. உன்னோட போறப்ப வாங்கிக்கினா ஆச்சி."

அம்மாவே அடியெடுத்துக் கொடுத்துவிட்டாள், இனி என்ன யோசனை? அடுத்த வாரமே காரை எடுத்தான். சந்திரகிரி தாண்டுவதற்குள் ஸ்டியரிங் பிடித்த கை நனைந்துவிட்டது.

"ஏன்டா, ஏசியிலயும் வேத்துக்கினு இருக்கற?"

"வெயிலும்மா."

மலைக்குப் போகிற ரோட்டில் திரும்பாமல் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தினான். பத்திரம் எழுதுகிறவர் தயாராக நின்றிருந்தார்.

"நைனா பேருல அன்னதானத்துக்கு எழுதி வெக்கலாம்னு பாக்கறேன். நீ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடும்மா."

ரத்னம்மா வண்டியை விட்டு இறங்கவில்லை. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற வயிறு அல்லவா, கண் கலங்கிவிட்டது.

"சீரியல்லயும் அந்தப் புள்ள இதையேதான் சொல்லுவான்."

"அத நீ பாக்கவே இல்லியேம்மா."

"தமிழ்ல பாக்கல. தெலுங்குல அது முடிஞ்சே ரெண்டு வருசம் ஆவுது, நான் முழுசா பாத்தாச்சி. நம்ம வூட்டுலயும் நடக்கும்னுதான் அப்ப நெனைக்கல. நீ ஒயர வெட்டனப்பதான் புரிஞ்சிக்கினேன்."

கிரண்குமாருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனை ஆசை விடவில்லை, தலையைக் குனிந்தபடியே கேட்டான்.

"கடசியில அந்தம்மா என்னா பண்ணுவாங்க?"

"புள்ள வந்து கேக்கறதுக்கு முன்னாடியே மொத்தத்தையும் பொண்ணு பேருக்கு எழுதிடுவா," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ரத்னம்மா. "நானும் போன வாரமே எழுதிட்டேன்."