நான் பிடிச்சுக்கறேன்

மலைச்சாலையில் ஓடிய ஓர் ஆட்டோமேட்டிக் காரில் ஹேண்ட்பிரேக் ஒன்று இருந்தது. அதற்கு வேலையே இல்லை. ஓட்டுகிறவர் கியரை ‘பார்க்’கில் தள்ளிவிட்டு இறங்கிப் போய்விடுவார். கியர்பாக்ஸுக்குள் இருந்த சுண்டுவிரல் அளவுக் கொக்கிதான் சரிவில் காரின் மொத்த எடையையும் தாங்கும்.

சும்மா கிடந்த ஹேண்ட்பிரேக்கின் கம்பி துருவேறி இற்றுப்போனது. கழற்றி எறிந்துவிடுவார்களோ என்ற பயத்தில் அது யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் கியர் மாற்றும்போது கார் வெட்டிக் குலுங்கியது. மெக்கானிக் பவுல்ராஜ் வந்து பார்த்தார்.

“கொக்கி தேய்ஞ்சுபோச்சு சார். புதுசு வர்ற வரைக்கும் ஹேண்ட்பிரேக்கையும் போடுங்க,” என்றவர், அதையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஹேண்ட்பிரேக் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, புதிதுபோல விறைத்து நின்றது.

“இது நல்லா இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஒரு மேட்டில் காரை நிறுத்தி, ஓட்டுகிறவர் கியரை ‘பார்க்’கில் தள்ளி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டு இறங்கினார். கொக்கி மெல்லக் கேட்டது.

“அண்ணே, என்னால முடியல. கொஞ்ச நேரம் நீங்க பிடிச்சுக்குவீங்களா?”

முடியாது என்று சொல்ல ஹேண்ட்பிரேக்குக்கு வாய் வரவில்லை.

“நான் எதுக்கு இருக்கேன்? பிடிச்சுக்கறேன், நீ விடுப்பா.”

கொக்கி நம்பித் தளர்ந்தது. கம்பி அறுந்தது. உருளத் தொடங்கிய காரைத் திரும்பப் பிடிக்கப்போன கொக்கி இரண்டாக முறிந்தது. கார் பள்ளத்தில் போய்க் கவிழ்ந்தது.

“அண்ணே,” என்றது கொக்கி ஈனக்குரலில். “நான் அவசரப்பட்டு விட்டுட்டேனா?”

ஹேண்ட்பிரேக் சற்று யோசித்தது.

“ஆமாப்பா,” என்றது. “நான் பிடிக்கறதுக்குள்ள விட்டுட்ட.”