பிஸ்கோத்து செஞ்ச புள்ள

ஞானமணி டீச்சர் மகளின் முகத்துக்குப் பவுடர் போட்டு முடித்தாள். பிறகு ஒரு கைப்பிடி மைதாவை அள்ளி அவள் முழங்கை வரைக்கும் தூவினாள். கன்னத்திலும் ஒரு விரல் இழுத்துவிட்டாள்.

"எதுக்கும்மா இது?" என்று சிணுங்கினாள் ஆரோக்கிய ஷீலா.

"பட்டுச்சேலையோட போயி நின்னா, பிஸ்கோத்து நீதான் செஞ்சேன்னு எவன்டி நம்புவான்? தொடச்சிராத."

அடுப்படியில் ஷீலாவுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்ப் பானை இருக்கும் இடம் மட்டும்தான். பங்குக் கோயில் சனம் முழுக்க மெச்சும் அந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் பிஸ்கோத்தைச் செய்கிறவன் அவள் அண்ணன் மரிய ஜெரால்டு. செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். டிசம்பர் பிறந்தால் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து, வெண்ணெயையும் சீனியையும் நுரைக்க நுரைக்க அடிப்பான். வட்ட ஓவனின் கண்ணாடி மூடி வழியே, மாவு நட்சத்திரங்கள் சிவப்பதைத் தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பான்.

இது வெளியே தெரியக் கூடாது என்பது டீச்சரின் சட்டம். "ஆம்பளப்பய அடுப்படியில நிக்கிறான்னு தெரிஞ்சா, நாளைக்கு உனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் உபதேசியார் தங்கச்சாமி டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

"சிவகங்கையில நல்ல எடம் டீச்சர். போன கிறிஸ்மஸ்க்கு ஜெரால்டு தம்பி சாமியார் பங்களாவுல கொண்டாந்து குடுத்த பிஸ்கோத்த அவுகளும் தின்னுருக்காக. யாரு செஞ்சதுன்னு கேட்டாக. டீச்சர் வீட்டுப் புள்ளதான்னேன். அந்தப் புள்ளைய உடனே பாத்துப் பேசணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக!"

ஷீலாவைப் பார்த்துவிட்டு, "கடுதாசி போடுறோம்" என்று போனவர்கள் யாரும் இதுவரை கடுதாசி போட்டதில்லை. டீச்சர் அன்றைக்கே மாதா கெபியில் மெழுகுவத்தி கொளுத்தினாள்.

வாசலில் சிவகங்கைக் கார் வந்து நின்றது. செபஸ்தியம்மாளும் அவள் மகன் லூர்து பிரகாஷும் இறங்கினார்கள்.

"வாங்க, வாங்க, இங்குட்டு உக்காருங்க!"

டீச்சரின் கணவர் அருளானந்தத்துக்கு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு பேசாமல் உட்காரும் வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அதை அவர் செவ்வனே செய்தார்.

லூர்து பிரகாஷ் நல்ல வாட்டசாட்டம். விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டே அடிக்கடி அடுப்படித் திரையைப் பார்த்தான். பையனுக்குக் கூச்சம் என்று டீச்சர் மனசுக்குள் பாராட்டிக்கொண்டாள்.

ஷீலா தட்டோடு வந்தாள்.

"இவதான் பிஸ்கோத்து செஞ்ச புள்ள," என்றாள் டீச்சர்.

செபஸ்தியம்மாளின் புருவம் உயர்ந்தது. "அட! பாப்பாவும் செய்யுமா?"

"பாப்பா மட்டுந்தான் செய்யும். வேற ஆள அடுப்படியில விடவே மாட்டா."

செபஸ்தியம்மாள் ஒன்றைக் கடித்துக் கண்ணை மூடினாள். "அதே ருசி! இத எந்தப் பதத்துலத்தா எறக்குவ?"

ஷீலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

"நல்லா... கொதிச்சதும் எறக்கிருவேன்."

"கொதிக்கிறதுக்கு அது என்ன ரசமா? ஓரஞ் செவந்ததும் எறக்கணும்!" திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"ரேடியோ," என்றாள் டீச்சர்.

செபஸ்தியம்மாள் எழுந்து போய்த் திரையை விலக்கினாள். மடித்துக் கட்டிய கைலியும் மீசையெல்லாம் மாவுமாக நின்றான் ஜெரால்டு. கையில் சுடச்சுட ஒரு தட்டு. அவனை மேலும் கீழும் பார்த்த செபஸ்தியம்மாளின் முகம் மலர்ந்தது.

"இவுக யாரு?"

டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் மகளின் சம்பந்தமும் போகும், மகனின் மானமும் போகும். பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பில் "பொய்ச்சாட்சி சொல்லாதே" என்று ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்த வாய் அது. அன்றைக்குக் கொஞ்சமும் திக்கவில்லை.

"அவனா? கூலிக்கு வந்த ஆளு. மாவு சலிக்க, பாத்திரங் கழுவக் கூப்புட்டோம். நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிறாதீக."

அருளானந்தம் வாயைத் திறந்தார். டீச்சர் பார்த்த பார்வையில், ஒரு பிஸ்கோத்தைப் போட்டு மூடிக்கொண்டார்.

ஜெரால்டு திரையைத் தாண்டி வந்தான். தட்டை அலுங்காமல் மேசையில் வைத்தான்.

"அப்ப நான் வாரேன் டீச்சர். கூலிய அப்புறமா வாங்கிக்கிறேன்."

கொல்லைக் கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் சைக்கிள் ஸ்டாண்டு தட்டும் சத்தம்.

டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். "அவன் கெடக்கான். நம்ம விசயத்துக்கு வருவோம். என்ன மொறை செய்யணும்னு சொல்லுங்க, ஒரு கொறையும் வைக்க மாட்டோம்."

செபஸ்தியம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். அவள் பாதிப் பிஸ்கோத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மொறையெல்லாம் நாங்கள்ல செய்யணும்? அது கெடக்கட்டும் டீச்சர், எங்க பொண்ணுக்கு நாங்க பாக்க வந்த மாப்பிள்ளை எங்க?"