பத்து நிமிடக் குரல்

காலை ஆறு மணிக்கு ஜெபமணி பல் உறையில் ஃப்ளோரைடு ஜெல்லைத் தடவி வாயில் மாட்டினார். தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்ததில் எச்சில் வற்றிப்போனது. பற்கள் சொத்தையாகாமல் இருக்க தினமும் பத்து நிமிடம் இதைப் போட்டாக வேண்டும். உறையோடு பேச வராது என்பதால், நாக்கின் அசைவைப் படித்து உறையே பேசும். அதுவும் சிகிச்சைக்கு முன் பதிந்துவைத்த அவருடைய பழைய குரலில். ஜெல் கரைந்ததும் உறையும் அடங்கிவிடும்.

நாங்குநேரி வட்டாரக் கபடிப் போட்டிகளில் மைக் பிடித்த குரல் அது. இப்போது தொண்டையில் மிஞ்சியிருப்பது வெறும் கரகரப்புதான். உறை மாட்டியதும் அடுக்களையில் வர்ணனை தொடங்கியது.

"தோசக்கரண்டியோட ரெய்டுக்கு எறங்குதாங்க நம்ம ஞானப்பூ! கல்லு விடமாட்டேங்கு, காலப் புடிச்சிருக்கு! ஆனாலும் தோசையத் தூக்கிட்டு கோட்டத் தொட்டுட்டாங்கய்யா! ஒரு பாயிண்ட்டு!"

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க," என்றாள் அவர் மனைவி ஞானப்பூ. அடுத்த தோசைக்கு அவள் எண்ணெயே விடவில்லை. ஒட்டட்டும்.

அன்று மாலை பல் டாக்டர் அவர் வாயைப் பார்த்துவிட்டு வியந்தார். "அஞ்சு வருஷத்துல ஒரு பல்லுகூட சொத்தையாகல! இனிமே தினமும் இந்த ஜெல் போடுற கஷ்டம் வேண்டாம். புதுசா ஒரு பூச்சு வந்திருக்கு. ஒரு தடவ பூசினா வருஷம் முழுக்கத் தாங்கும்."

ஜெபமணி மனைவியைப் பார்த்தார். அவள் டாக்டரின் மேசையில் இருந்த உறையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"பழைய ஜெல்லையே எழுதுங்க டாக்டர்," என்றாள். " நாளைக்குக் காலைல எங்க வீட்டுல மேட்ச் இருக்கு."